நெல் வைத்த எழுத்து

கீழ்வேளூர் கடைத்தெருவில் ஒரு பிளக்ஸ் பேனர் கடையில் அறிவுமதிக்கு டிசைனர் வேலை. வேலை ஓடாத ஒரு ஐப்பசி மழையில் அவள் கையாலேயே ஒரு புது எழுத்து வகை வரைந்தாள். எல்லா எழுத்துக்கும் தொப்பை. புள்ளி வைக்க வேண்டிய இடத்திலெல்லாம் ஒரு நெல். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் ஊருக்குப் பிடித்துப்போனது. காதுகுத்து, பிறந்தநாள், பள்ளிக்கூட வேன், ஐஸ் வண்டி என்று எங்கே பார்த்தாலும் அந்தத் தொப்பைகள்தான்.

அவளுடைய அப்பா காத்தானுக்குப் படிக்கத் தெரியாது. படிக்க வேண்டிய வயதில் அவரைப் பண்ணை மாடு மேய்க்க விட்டார்கள். அந்தக் கோபம் அறிவுமதிக்கு ஆறியதே இல்லை. அவருடைய மருந்தடிக்கும் டேங்க் வயலில் மற்றவர்களுடையதோடு மாறிப்போகிறதே என்று, தன் எழுத்தில் அவர் பெயரை அடித்து அதில் ஒட்டிக் கொடுத்தாள். ரெண்டு நெல் இருந்தால் தன் பெயர் என்று மனிதர் பிடித்துக்கொண்டார். சித்தீக் புதிதாகத் திறந்த பிரியாணிக் கடை போர்டிலும் ரெண்டு நெல் இருந்தது. "எம் பேரப் போட்டிருக்காரு பாரு" என்று சைக்கிளை நிறுத்திவிட்டார். சித்தீக்கும் மறுக்காமல் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

மாசியில் நெஞ்சுவலி வந்து காத்தான் போய்ச்சேர்ந்தார். உறவுக்காரர்கள் வந்து இறங்குமுன் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் நிற்க வேண்டும். அப்பன் செத்த அன்றும் கடைக்குப் போய் உட்கார வேண்டிய கொடுமை அவளுக்கு. முதலில் தன் எழுத்திலேயே அடித்தாள். சித்தப்பா அண்ணாதுரை போனில் கூப்பிட்டார்.

"மதி, காதுகுத்துக்குப் போடுற எழுத்த போட்டுறாத. சாவு வீடு. ஊரே சிரிக்கும்."

உயிரோடு இருந்தவரை அப்பாவை மரியாதையாக ஒருவரும் கூப்பிட்டதில்லை. போகும்போதாவது கிடைக்கட்டும் என்று நினைத்து, தடித்த கறுப்பு எழுத்துக்கு மாற்றினாள். பார்க்கப் பெரிய மனிதர் பேனர் மாதிரியே இருந்தது.

பாடை கிளம்பியது. பெண்கள் தெருமுனையோடு நின்றுகொண்டார்கள். அம்மா அம்சத்துக்கும் படிப்பு இல்லை. பேனரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒன் எழுத்துல போடலியாடி?"

"சாவுக்கு அது நல்லா இருக்காதும்மா."

"நல்லா இருக்காதுதான். ஆனா அந்த மனுசனுக்கு அது ஒண்ணுதானடி தெரியும்."

அறிவுமதிக்கு அப்போதுதான் நெஞ்சு உடைந்தது. வாய்விட்டு அழுதாள். பாடை அந்தப் பேனரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. சைக்கிளில் வந்திருந்தால்கூட அவர் அதன் முன்னால் நிறுத்தியிருக்க மாட்டார்.