ஈரச்சுவரின் மூன்றாவது ஆல்பம்

ஈரச்சுவர் இசைக்குழுவின் மூன்றாவது ஆல்பம் ஒரு வெள்ளிக்கிழமை நண்பகலில் வெளியானது. ஷர்லி அப்போது திருமயத்தில் தான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருந்தாள். நான்கு வருடமாகக் காத்திருந்த ஆல்பம். டிபன்பாக்ஸைத் திறக்காமல் பின்னறைக்குப் போய் இயர்போனை மாட்டினாள். உட்கார்ந்து பாட்டுக் கேட்க அவளுக்கு வராது. அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே நடந்துகொண்டே கேட்டாள். மூன்றாவது பாட்டில் நின்றாள். தவறிப்போய் வேறு யாருடைய ஆல்பத்தையாவது போட்டுவிட்டோமோ என்று போனை எடுத்துப் பார்த்தாள். இல்லை, அவர்களுடையதுதான்.

ஷர்லிக்கு முப்பத்து நான்கு வயது. சொந்த ஊர் குளத்தூர் பக்கம். லேப் டெக்னீசியன் படிப்புக்காகத் திருச்சியில் விடுதியில் இருந்தபோது, ஒரு கல்லூரி விழாவில் மத்தியான வெயிலில் நான்கு பையன்கள் கிட்டாரும் டிரம்ஸுமாக மேடையேறினார்கள். சினிமாப் பாட்டை எதிர்பார்த்த கூட்டம் இறங்கச் சொல்லிக் கத்தியது. அவர்கள் தாங்களே எழுதிய பாட்டைக் கடைசி வரி வரைக்கும் பாடிவிட்டுத்தான் இறங்கினார்கள். பாடியவன் விக்ரம். மேலே போகிற இடத்தில் அவன் குரல் கீறிக்கொண்டு உடைந்தது. அந்த உடைசலைக் கேட்ட பிறகு ஷர்லிக்கு இரண்டு நாள் எதிலும் மனம் நிற்கவில்லை.

அதன் பிறகு இருபத்தாறு கச்சேரிகள். மதுரை, தஞ்சாவூர், சென்னை. கோயம்புத்தூரில் ஒரு தடவை மழையால் ரத்தாகி, வந்த வழியே ஈரத்துணியோடு பஸ் ஏறினாள். கல்யாணமான புதிதில் கணவன் ஜெபக்குமாரையும் கூட்டிப் போனாள். கணக்கு வாத்தியாரான அவர் ஸ்பீக்கர் பக்கம் நின்று இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டார். ஆனாலும் அடுத்த கச்சேரிக்கும் வந்தார்.

கேட்ட ஆல்பங்களைப் பற்றி ஷர்லி முகநூலில் எழுதுவாள். ஈரச்சுவரின் முதல் ஆல்பத்தை அவள் எழுதித்தான் பலர் தேடிக் கேட்டார்கள் என்று விக்ரமே மேடையில் சொல்லியிருக்கிறான். இப்போதும் வெள்ளிக்கிழமை சாயங்காலமே அவனிடமிருந்து செய்தி வந்துவிட்டது. “அக்கா, கேட்டீங்களா? ஒங்க போஸ்ட்டுக்குத்தான் எல்லாரும் வெயிட்டிங்.”

அவள் பதில் போடவில்லை. பஸ்ஸில் கேட்டாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டு கேட்டாள். பக்கத்து வீட்டுப் பையனின் பெரிய ஹெட்போனை வாங்கிக் கேட்டாள். எல்லாப் பாட்டும் வழவழவென்று இருந்தது. விக்ரமின் குரல் ஒரு இடத்திலும் மேலே ஏறவில்லை, உடையவில்லை. யாரோ இஸ்திரி போட்டு மடித்து வைத்த மாதிரி இருந்தது.

“புடிக்கலைன்னா புடிக்கலைன்னு எழுத வேண்டியதுதானே. எதுக்கு வீட்டுக்குள்ள அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துக்கிட்டே இருக்க?” என்றார் ஜெபக்குமார்.

“எனக்குத்தான் வயசாயிருச்சோன்னு பாக்குறேங்க. பாட்டு நல்லாருந்து எங்காதுதான் பழசாப் போச்சுன்னா?”

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்ததும் எழுதினாள். நான்கு தடவை அழித்தாள். கடைசியில் போட்டதில் ஒரு வரி இப்படி இருந்தது: ‘இந்த ஆல்பத்தில் விக்ரம் தன் குரலை ஒளித்து வைத்துக்கொண்டு பாடுகிறார், எதற்குப் பயந்தார் என்று தெரியவில்லை.’

மறுநாளே வசவுகள் வந்து குவிந்தன. பெரிய ஆள் என்று நினைப்பு, பொறாமை என்றெல்லாம் எழுதினார்கள். அதை அவள் தாங்கிக்கொண்டாள். விக்ரமிடமிருந்து ஒன்றுமே வராததுதான் அவளைப் படுத்தியது. வேலையில் ஒரு நாள் குப்பியில் பெயர்ச் சீட்டை மாற்றி ஒட்டப் போய், நல்லவேளையாக அவளே பார்த்துத் திருத்தினாள்.

மூன்று வாரம் கழித்துத் திருச்சியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஈரச்சுவரின் கச்சேரி. “இந்தத் தடவை வேணாமே” என்றார் ஜெபக்குமார். “போகாம இருந்தா திட்டிட்டு ஓடிட்டேன்னு ஆயிரும்ங்க” என்று கிளம்பினாள். அவரும் கூடவே வந்தார். வழக்கமாக வாசலில் விருந்தினர் பட்டியலில் அவள் பெயர் இருக்கும். அன்று இல்லை. டிக்கெட் எடுத்து உள்ளே போனாள்.

புதுப் பாட்டுகளாகவே பாடினார்கள். அவளைச் சுற்றி நின்ற கல்லூரிப் பெண்களுக்கு ஒவ்வொரு வரியும் மனப்பாடம். அன்று ஷர்லியை நடையில் நிறுத்திய அந்த மூன்றாவது பாட்டுக்கு, பக்கத்தில் நின்ற ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே பாடினாள். ஷர்லி அவளைப் பார்த்தாள், மேடையைப் பார்த்தாள். தான் எழுதியது தப்போ என்று தோன்றியது. மறு நிமிடமே, இல்லை, சரிதான் என்றும் தோன்றியது. ஒரே இடத்தில் நிற்க முடியாமல் சுவரோரம் போனாள்.

கச்சேரி முடிந்து வாசலில் கழற்றிவிட்ட செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது விக்ரம் வந்தான். கையில் வெந்நீர் பாட்டில்.

“லிஸ்ட்ல பேரு விட்டுப்போச்சு அக்கா. மறந்துட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன். கோவத்துலதான் விட்டேன்.”

“கோவப்படு. ஒனக்கில்லாத உரிமையா?”

அவன் கொஞ்சம் வெந்நீர் குடித்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, “தொண்டையில கட்டி மாதிரி ரெண்டு இருக்குக்கா. வருசக்கணக்கா கத்திக் கத்தி வந்தது. பழையபடி பாடினா பேச்சே போயிரும்னு டாக்டர் சொல்லிட்டாரு. இனிமே இதுதான் என் குரல்” என்றான்.

லேபில் தினமும் ரிப்போர்ட் கொடுப்பவள் ஷர்லி. எத்தனை பேருடைய முடிவுகளைக் கவரில் போட்டு ஒட்டியிருக்கிறாள். இவனுடையதை மட்டும் விசாரிக்காமலே எழுதிவிட்டாள்.

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேப்பா! இப்பவே அந்தப் போஸ்ட்ட எடுத்துர்றேன்.”

“எடுக்காதீங்க. நான் சொல்லியிருந்தா நீங்க பாவப்பட்டு நல்லாருக்குன்னு எழுதியிருப்பீங்க. மத்தவங்களும் அப்படித்தான் கேப்பாங்க. வேற யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா.”

புதுக்கோட்டை பஸ்ஸில் இடம் இருந்தும் அவள் நின்றுகொண்டே வந்தாள். ஜெபக்குமார் என்னவென்று கேட்டார். “ஒண்ணுமில்லைங்க” என்றாள். அவரிடமும் சொல்லவில்லை.

அந்தப் போஸ்ட் இன்றும் முகநூலில் அப்படியே இருக்கிறது. மாதத்துக்கு ஒருவராவது வந்து அதன் கீழே திட்டிவிட்டுப் போகிறார்கள். அவள் ஒருவருக்கும் பதில் சொல்வதில்லை. ஆல்பத்தை மறுபடி மறுபடி போட்டுப் பார்க்கிறாள். ஆறாவது பாட்டில் அவன் மேலே ஏறப் போய், ஏறாமல், மெதுவாக இறங்குகிற ஒரு இடம் இருக்கிறது. அதை மட்டும் நாலைந்து தடவை கேட்பாள். மற்றவை அவளுக்கு இன்னும் பிடிக்கவில்லை. வருகிற மாதம் மதுரையில் பாடுகிறார்கள். அவளும் ஜெபக்குமாரும் போகிறார்கள்.