காப்பிக் கடையில் வாங்கிய தட்டு

ஃபெலிசியா என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது என் மாமியார் வாயால். சிகாமட் மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வந்தவர், தலை முக்காட்டைக்கூட எடுக்காமல் அடுப்படிக்குள் நுழைந்து, "சின்னவனுக்குப் பொண்ணு பாத்துட்டேன். பேரு ஃபெலிசியா. கோயில்ல பாட்டுப் பாடுது" என்றார்.

வாசலில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்த மாமனார், "சமைக்குமா?" என்று கேட்டார்.

"பாடுதுன்னுதானே சொன்னேன். அத மட்டுந்தான் விசாரிச்சேன்."

அவர் விசாரித்த வரைக்கும் சரியாகத்தான் இருந்தது. ஃபெலிசியா வைக்கும் குழம்பில் உப்பு இருந்தால் புளி இருக்காது. பாட்டுக்கு மட்டும் குறைவில்லை. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும்போதும் பாடிக்கொண்டே வெட்டுவாள். அவள் புருஷன் வாலண்டைன், அதாவது என் வீட்டுக்காரருக்கு நேர் இளையவர், பக்கத்து மர நிரையில் வெட்டுவார். பாட்டு நின்றால் போதும், பாம்போ என்னமோ என்று கத்தியோடு ஓடி வருவார். இவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பாள். நானும் அவளும் ஓரகத்திகள். ஓரகத்திகள் சண்டை போட்டே ஆக வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? தேவைக்கு மட்டும் போட்டோம்.

அவளுக்கு ஒரே பிள்ளை, அட்ரியன். பிறகு தோட்டம் கைமாறியது, மரத்தை எல்லாம் சாய்த்தார்கள். சிகாமட் ஆற்று வெள்ளம் ஒருமுறை வீட்டுச் சாமான்களைக் கொண்டுபோனது. அடுத்த வருஷமே வாலண்டைன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அட்ரியன் அதற்குள் மாசாய் என்ற ஊரில் ஓர் அடுக்குமாடி வீடு வாங்கி, பாசிர் கூடாங் தொழிற்சாலையில் கூட வேலை செய்த பிரவீனாவைக் கட்டியிருந்தான். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனான்.

பிரவீனா, இப்போது நாங்கள் குடியிருக்கும் செடெனாக் பக்கத்துப் பெண். சாமி கும்பிடுகிற வீடு. "வேதக்காரனக் கட்டுனவ இந்தப் படி ஏறக் கூடாது" என்று அவளைப் பெற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். அவள் தன் மாரியம்மன் படத்தையும் காமாட்சி விளக்கையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, ஃபெலிசியா மாதா படத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்து இடம் பண்ணினாள். "ரெண்டு பேரும் தாயிங்கதானே. நாம வேலைக்குப் போனா அவங்க பேசிக்கிட்டிருக்கட்டும்" என்றாள்.

அட்ரியன் பிறகு சிங்கப்பூரில் வேலை எடுத்தான். ஒரு நாள் மழையில் மோட்டார் சைக்கிளில் திரும்பி வரும்போது போய்விட்டான். அதை நான் நீட்டிச் சொல்லப் போவதில்லை.

அடக்கம் முடிந்த கையோடு சொந்தக்காரர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். பெண்ணுக்கு வயசு இருக்கிறது, பிள்ளை இல்லை, முப்பதாம் நாள் கும்பிட்டதும் போய்விடும், கிழவியை யார் வைத்துக்கொள்வது என்று. முப்பது முடிந்தது. வருஷத் திவசப் பூசையும் முடிந்தது. பிரவீனா போகவில்லை. போகிறேன் என்றும் சொல்லவில்லை, இருக்கிறேன் என்றும் சொல்லவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள். மாமியாருக்குச் சர்க்கரை ஊசி போட்டுவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை மோட்டாரில் பின்னால் உட்காரவைத்துக் கோயிலில் இறக்கிவிட்டு, பூசை முடியும்வரை வெளியே மரத்தடியில் நிற்பாள்.

மரக்காட்டிலேயே வளர்ந்த ஃபெலிசியாவுக்கு அந்த உயரத்து வீடு பழகவே நாளானது. லிப்டுக்குள் தனியாக ஏறப் பயந்து, யாராவது வரட்டும் என்று கீழேயே நிற்பாளாம். "அத்தை, அது உங்களத் திங்காது, பட்டன அமுக்குங்க" என்று பிரவீனா திட்டித் திட்டிப் பழக்கினாள். முட்டி தேய்ந்து படி ஏற முடியாமல் போன பிறகு அந்த லிப்டுதான் அவளுக்குக் கால்.

ஒரு தடவை போனில் என்னிடம் சொன்னாள். "அக்கா, பெத்தது போயிருச்சு. கட்டிக்கிட்டு வந்தது நின்னுருச்சு. நான் யாருக்கு நன்றி சொல்றது, மாதாவுக்கா, இவளுக்கா?"

"ரெண்டு பேருக்கும் சொல்லேன். வாயா வலிக்குது?"

"மாதாவுக்குச் சொல்லிருவேன். இவகிட்டதான் எப்படின்னு தெரியல."

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் பிரவீனாவின் மோட்டார் கெட்டுப்போய், திருச்செல்வம் என்ற ஆள் அவளை வீட்டில் கொண்டுவந்து விட்டான். அதே தொழிற்சாலையில் போர்க்லிப்டு ஓட்டுகிறவன். சம்சாரம் நோயில் தவறியிருந்தது. ஃபெலிசியா அவனை மேலே கூப்பிட்டு உட்காரவைத்தாள். பிரவீனா தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். அன்று சாயங்காலமே எனக்குப் போன் வந்தது.

"சீனி எவ்வளவுன்னு கேக்கவே இல்லக்கா. அவளே போட்டா. அவனும் ருசி பாக்காம குடிக்கிறான்."

பிரவீனாவைக் கேட்டுப் பார்த்தால், அவன் கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லி நாளாகியிருந்தது. இவள்தான் முடியாது என்றிருக்கிறாள். காரணம் கேட்டால், "உங்கள யாரு பாக்குறது?"

ஃபெலிசியா சட்டென்று சொல்லிவிட்டாள். "என்ன அக்கா வரச் சொல்லிட்டாங்க. நான் செடெனாக்குக்குப் போறேன்."

பிறகு எனக்குப் போன் போட்டு, "பொய்ய மொதல்ல சொல்லிட்டேங்க்கா. நீங்க அத நெசமாக்கிருங்க" என்றாள். அக்கா வீடு உன் வீடு, வா என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுகிற சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

தட்டு மாற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பழமும் பூவும் வெற்றிலையும் சேலையும் வைத்துக் கொண்டுவருகிற தட்டைப் பெண்ணைப் பெற்றவள் கைநீட்டி வாங்க வேண்டும். வாங்கினால்தான் சம்பந்தம். பிரவீனாவைப் பெற்றவளுக்கு ஆள் அனுப்பியும் வரவில்லை. நான் போய் இறங்கியதும் ஃபெலிசியா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"நீங்க வாங்குங்கக்கா. மாமா இருக்காங்க, பூவும் பொட்டுமா இருக்கீங்க. நான் நிக்கக் கூடாது. செத்தவனோட அம்மா முன்னால நின்னா வந்தவங்களுக்கு அவன் ஞாபகந்தான் வரும். இந்தக் கெழவியும் சீரோட சேந்து வருதான்னு வேற பயந்துக்குவாங்க."

துணிப்பையைக் கட்டி வைத்திருந்தாள். பூசைக்குப் போயிருக்கேன் என்று சொல்லிவிடுங்கள், நீங்கள் திரும்பும்போது உங்கள் காரில் வந்துவிடுகிறேன் என்று லிப்டில் இறங்கிப் போனாள். அவள் இறங்கின கொஞ்ச நேரத்தில் லிப்டு கெட்டுப்போனது.

திருச்செல்வத்தின் அக்கா வாசுகி நல்ல கனத்த சரீரம். தட்டைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தவருக்குப் பேச்சே வரவில்லை. நாற்காலியில் விழுந்து, "மொதல்ல தண்ணி குடுங்க. உசிரோட இருந்தா கல்யாணம் பேசுவோம்" என்றார். எல்லாரும் சிரித்தோம்.

தண்ணீர் குடித்து, வியர்வை துடைத்து, அவர் தட்டை எடுக்க, நான் கையை நீட்டினேன். அப்போது பிரவீனா அறையிலிருந்து வந்தாள்.

"பெரியத்தை, அத்தை எங்க?"

"பூசைக்குப் போயிருக்கா."

"காலையில பூசைக்கு நான்தானே கொண்டுபோயி விட்டேன்? சாயங்காலம் ஏது பூசை?"

எங்கள் கோயில் நேரம் எனக்கே மறந்துபோய் இருந்தது, அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. பையோடு போயிருக்கா, என் வீட்டுக்கு வரப் போறா என்று சொல்லிவிட்டேன்.

அவள் வாசுகியைப் பார்த்துக் கும்பிட்டாள். "மன்னிச்சிருங்க. எங்க அத்தை வாங்காம இந்தத் தட்ட வேற யாரும் வாங்க வேணாம்."

நீட்டிய கையை நான் இழுத்துக்கொண்டேன். வாசுகி தட்டை மடியில் இறக்கி வைத்தார். "அத்தைன்னா, மொத மாப்பிள்ளையோட அம்மாவா?"

"ஆமா."

போச்சு, முடிந்தது என்றுதான் நினைத்தேன். வாசலில் நின்ற திருச்செல்வம் தொண்டையைக் கனைத்தான். "அவங்க கீழ தவுக்கே காப்பிக் கடையில உக்காந்திருக்காங்க. வரும்போதே பாத்தேன். சொல்லாதய்யான்னு கண்ணக் காட்டுனாங்க, அதான் சும்மா இருந்தேன்."

"போயிக் கூட்டிட்டு வா" என்றார் வாசுகி.

"எப்படிக்கா ஏறுவாங்க? முட்டி முடியாது."

வாசுகி படிக்கட்டைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். "இப்பத்தானடா ஏறுனேன், பாவி" என்று எழுந்தார்.

பழத்தட்டும் பூத்தட்டும் வரிசையாகப் படியிறங்கின. ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்து பார்த்தார்கள். "என்ன, சம்பந்தம் ஒடஞ்சிருச்சா?" என்று ஒருத்தி கேட்டாள். "இல்லம்மா, எடத்த மாத்திருக்கோம்" என்றார் வாசுகி.

கடையில் ஃபெலிசியா ஆறிப்போன காப்பியோடு உட்கார்ந்திருந்தாள். எங்களைக் கண்டதும் பையைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளினாள்.

"என்னடி இது, எல்லாத்தையும் கெடுத்துட்டியா?"

"நீங்கதான் கெடுக்கப் பாத்தீங்க. பையத் தூக்கிக்கிட்டு எங்க கெளம்பிட்டீங்க?" பிரவீனாவுக்கு மூச்சு வாங்கியது.

"அக்கா வீட்டுக்கு."

"அவரு போனப்ப நான் எங்க வீட்டுக்குப் போனேனா, அத்தை?"

ஃபெலிசியா மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வாசுகியைப் பார்த்துக் கும்பிட்டு, "அம்மா, நான் செத்துப்போனவனோட..." என்று ஆரம்பித்தாள்.

"தெரியும்மா. எங்க தம்பியோட மொத மாமியாரு இன்னமும் தீபாவளிக்கு எங்க வீட்டுலதான் சாப்பிடுறாங்க. செத்தவங்க போனா ஒறவையுமா தூக்கிக் குப்பையில போட முடியும்? கைய நீட்டுங்க, எனக்குக் கை வலிக்குது."

இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டு, சாம்பல் கிண்ணங்களை எடுத்துவிட்டு, கடை முதலாளியான தவுக்கே துணியால் துடைத்தார். கடையை அடைத்துக்கொண்டோமே என்று நான் சொல்ல, "தாப்பா லா", பரவாயில்லை என்று கையை ஆட்டினார். ஃபெலிசியா கையைச் சேலையில் துடைத்தாள். ஒருமுறை போதவில்லை போலிருக்கிறது, மறுபடியும் துடைத்தாள். அப்புறம் நீட்டித் தட்டை வாங்கினாள்.

எங்கள் பக்கம் வீட்டு ஆளிடம் நன்றி என்று யாரும் வாயால் சொல்வதில்லை. அவளும் சொல்லவில்லை. பிரவீனாவை இழுத்து அவள் நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட்டாள். விரலில் குங்குமம் ஒட்டியது. அதைத் துடைக்காமலே, தட்டிலிருந்து ஒரு பழத்தை எடுத்துத் தவுக்கேயிடம் கொடுத்தாள்.

பை என் காரில் ஏறவில்லை. திருச்செல்வமே அதை மேலே கொண்டுபோனான். அவளைத்தான் ஏற்ற முடியவில்லை. லிப்டு சரியாகும்வரை நாங்கள் எல்லாரும் கடையிலேயே உட்கார்ந்து கதை பேசினோம்.

கல்யாணம் மாரியம்மன் கோயிலில் நடந்தது. பெண்ணைப் பெற்றவர்கள் இடத்தில் என் வீட்டுக்காரரும் நானும் நின்றோம், எங்களுக்கு முன்னால் ஃபெலிசியா நின்றாள். ஃபெலிசியாவுக்கும் பிரவீனாவுக்கும் என்ன உறவு என்று கேட்கிறவர்களுக்கு நான் வாலண்டைனிலிருந்து ஆரம்பித்துச் சொல்வேன். பாதியிலேயே, சரி விடுங்க என்று போய்விடுவார்கள்.

பிறகு அவர்கள் தரைவீடு ஒன்று பார்த்துக் குடிபோனார்கள். ஃபெலிசியா இப்போது மாசாயில், பிரவீனா திருச்செல்வம் வீட்டில், முன்பக்கத்து அறையில் இருக்கிறாள்.