எரியாத எரிபொருள்

வீரகேரளம்புதூர்ப் பக்கம் செங்கல் சூளை வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், தீ வைக்க மூக்கம்மாள்தான் வேண்டும் என்பார்கள். இருபத்தாறு வருஷமாகச் சூளைக்கு விறகு தள்ளுகிறாள். புகையின் நிறத்தைப் பார்த்தே உள்ளே கல் எந்தப் பதத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. இது அவளே சொல்வதுதான், ஆனால் மறுத்தவர் யாருமில்லை.

போன வைகாசியில், குற்றாலத்தில் சாரல் விழுவதற்குள் கடைசிச் சூளையை எரித்து முடிக்கிற அவசரத்தில், முதலாளி முத்துராஜுக்கு ஓர் ஆசை வந்தது. ஒரு தரகன் தருவதாகச் சொன்ன இலவச எரிபொருள். எந்தப் புண்ணியவான் சும்மா கொடுக்கிறான் என்று யோசிக்க வேண்டாமா? மனுஷன் யோசிக்கவில்லை. ஒரு லாரி நிறையப் பழுப்புக் கட்டி மூட்டைகள் வந்து இறங்கின.

"கற்பூரம் மாதிரி எரியும்னு தரகன் சொல்லுதான். போட்டுப் பாரு, மூக்கம்மா" என்றார்.

ஒரு சட்டி அள்ளிச் சூளை வாயில் போட்டாள். கொழுந்துவிட்டு எரிந்த தீ சுருண்டு படுத்துவிட்டது. புகை கண்ணைக் கரித்துத் தொண்டையைப் பிடித்தது. கம்பியால் கட்டிகளை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு லாரி டிரைவர் ஜோஷ்வாவிடம் போனாள்.

"தம்பி, உள்ளதச் சொல்லு. இது என்னது?"

அவனுக்குப் பொய் வராது. "மெத்தை, டிவி எல்லாம் தீப்பிடிக்காம இருக்க ஒரு மருந்து சேப்பாங்கல்லா அக்கா, அதச் செய்யுத கம்பெனில மிஞ்சுன கழிவு."

தீயை அடக்குகிற சரக்கின் கழிவை விறகு என்று தலையில் கட்டிய தரகனை நினைத்து மூக்கம்மாள் சிரித்துவிட்டாள். முத்துராஜ் சிரிக்கவில்லை. "வந்தது வந்துட்டு. திருப்பி அனுப்புனா தரகன் மூஞ்சில எப்படி முழிக்கது? பின்னால மண்ணெடுத்த குழில கொட்டி மூடிருவோம்."

குழிக்குப் பத்தடியில் கிணறு. பிள்ளைகுட்டிகளோடு சூளையில் தங்கியிருக்கிற பதினெட்டுக் குடும்பமும் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். மூக்கம்மாளுக்கு வந்ததே கோபம்.

"அண்ணாச்சி, ஒரு மூட்டை குழில விழுந்தாலும் நான் கம்பியக் கீழ போட்டுட்டுப் போயிருவேன். உள்ள இருக்க நாப்பதாயிரம் கல்லும் அரை வேக்காட்டுல கெடக்கட்டும்."

வேறு ஆள் கிடைக்காது என்பது முத்துராஜுக்குத் தெரியும். முனகிக்கொண்டே தலையாட்டினார். இறக்கியதெல்லாம் லாரியில் ஏறியது.

மூக்கம்மாள் அதோடு விடவில்லை. சுந்தரபாண்டியபுரம் வரைக்கும் சூளைக்குத் தீ வைக்கிற எல்லாருக்கும் போன் போட்டாள், கடைசியாகக் கலெக்டர் ஆபீசுக்கும். எங்கேயும் இறக்க முடியாமல் அலைந்த லாரியைச் சாயங்காலமே பிடித்துவிட்டார்கள்.

மறுநாள் விசாரிக்க வந்த அதிகாரி, "சோதனை முடிவு வரவே ஒரு மாசம் ஆகும். இது கெடுதல்னு ஒங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

மூக்கம்மாள் விறகு தள்ளுவதை நிறுத்தவில்லை.

"என்னத்தப் போட்டாலும் திங்கும் சார் இந்தத் தீ. அதுவே வேண்டாம்னு துப்பிட்டு. அத எங்க பிள்ளையளுக்குக் குடிக்கக் குடுக்கவா?"