கார்புரேட்டர் வாயில் ஒரு கை

இதை நம்பச் சொல்லி யாரையும் நான் கேட்கப் போவதில்லை. ஆனால் நடந்தது. 1943, ஆடி மாதம், காரிமங்கலம். நான் ரசாயனம் படித்துப் பட்டம் வாங்கியவள். அதுவரை பேயை நம்பியதில்லை.

கிருஷ்ணப்பன் மாமாவின் பழைய மோட்டார் சைக்கிள் கைப்பிடியை முறுக்கினால் ஓடும், விட்டால் அணைந்துவிடும். கார்புரேட்டரில் காற்றும் பெட்ரோலும் கலக்கும் அளவு தப்பியிருக்கும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"படிச்ச புள்ள, நீயே சரி பண்ணு. கள்ளப் பெட்ரோலு. ரேஷன்காரனுக்குத் தெரிஞ்சா தொலைஞ்சேன். இன்னிக்குச் சந்தை இரைச்சல்ல சத்தம் வெளிய கேக்காது."

வண்டி நின்ற கொட்டகைக்குள் என்னை விட்டு வெளியே பூட்டினார்.

"நான் சந்தைக்குப் போயிட்டு வர்றப்ப வண்டி முறுக்காமலே அணையாம நின்னு ஓடணும். அப்பத்தான் கதவு தொறக்கும்."



மணி 4.50. சன்னல் கிடையாது. ஓட்டில் பதித்த ஒரு கண்ணாடி வழியாக மட்டும் வெளிச்சம். உதைத்தேன். டப்... டப்... டப்... கார்புரேட்டரின் காற்று வாயில், கை பதிந்தது போல எண்ணெய்க் கறை. துடைத்தேன்.

4.58. கறை மறுபடியும் இருந்தது. ஈரமாக. கட்டைவிரல். மூன்று விரல்கள். சுட்டுவிரல் இருக்க வேண்டிய இடம் காலி.

மெக்கானிக்குகள் அந்த வாயை உள்ளங்கையால் பாதி மூடிப் பார்ப்பார்கள். சத்தம் ஏறினால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம்.

சத்தம் ஏறியது.

என் இரண்டு கைகளும் கலவையைக் கூட்டிக் குறைக்கும் திருகில் இருந்தன.

5.10. முறுக்காமலே வண்டி ஓடிக்கொண்டிருந்தது. தலை கனத்தது. புகையில் மணமே இல்லாத ஒரு விஷவாயு உண்டு. பரீட்சையில் எழுதியிருக்கிறேன். பெயர் நினைவுக்கு வரவில்லை...

"மாமா..." கதவைத் தட்டினேன். கால் மடிந்தது. எஞ்சினை நிறுத்தக் கை எழவில்லை.

டப்... டப்...

நின்றது. யாரோ வாயைப் பொத்தியது போல.

காதருகே ஒரு குரல். "தூங்காதீங்க பாப்பா. அவுரு வரட்டும்."

5.25. பூட்டு திறந்தது.

"எதுக்கு நிறுத்துன? இதுக்குத்தான் பட்டமா?" மாமா என்னைத் தாண்டி உள்ளே போனார். நான் வெளியே தவழ்ந்தேன்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

டப். டப். டப்.

மாமா கத்தினார். ஒரே முறை.

பாதியில் நின்றது.

வீட்டு வேலை செய்யும் குள்ளம்மாள் ஓடிவந்தாள். இருவரும் தள்ளினோம். அசையவில்லை. கடப்பாரையால் நெம்பித் திறந்தாள். உள்ளே புகையே இல்லை. எஞ்சின் சில்லென்றிருந்தது. மாமா கிடந்தார். வாயையும் மூக்கையும் மூடி எண்ணெய்க் கைத்தடம். சுட்டுவிரல் இல்லை.

குள்ளம்மாள் அழவில்லை.

"இன்னாசி கைங்க அது. போன வருசம் இந்த வண்டி பாக்க வந்த மெக்கானிக்கு. சங்கிலியில வெரல் போனவன். இதே மாதிரிதான் உள்ள வச்சுப் பூட்டுனாரு. கத்துனான், கத்துனான்... தொறக்கவே இல்ல. காலையில பொணமாத்தான் எடுத்தோம். மாரடைப்புன்னு சொல்லிட்டாரு."

மறுநாள் பகலில் அந்தக் கதவின் உள்பக்கத்தைப் பார்த்தேன். தாழ்ப்பாளே கிடையாது.

பழைய நகக் கீறல்கள் மட்டும். மூன்று மூன்றாக.