அண்ணி வாயிலிருந்த பெப்பரமுட்டு

மிட்டாய் என்றதும் எனக்கு முதலில் தோன்றுவது அண்ணியின் இடது கன்னம். ஒரு பிற்பகல் வெயிலில் அது சற்றே உப்பியிருக்கிறது. உள்ளே இருப்பது வெள்ளை வட்ட மிட்டாய். உறிஞ்சினால் மூச்சுவரை குளிரும். எங்கள் தங்கவயலில் அதன் பெயர் பெப்பரமுட்டு. துரைமார் வாயில் ஒதுக்கிய பெப்பர்மிண்ட், தொழிலாளர் குடியிருந்த கூலி லைனுக்கு வந்து சேர்வதற்குள் அப்படி உருண்டுவிட்டது. பிறகு ஆரஞ்சுச் சுளை, இஞ்சி மிட்டாய் எல்லாமே பெப்பரமுட்டுதான். இன்று ஐந்து கடையில் கேட்டால் நான்கில் "இன்னா தாத்தா அது?" என்கிறார்கள்.

அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. சுரங்கத்தில் பாறை வெடித்து நொறுங்கினால் மேலே வீடுகளில் பாத்திரங்கள் உருளும். பெண்கள் சுரங்கக்குழியான ஷாஃப்டின் வாசலுக்கு ஓடிவருவார்கள். ஆட்கள் மேலே வருமுன் அழக்கூடாது, பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. அதற்காக ஆளுக்கொரு பெப்பரமுட்டை வாயில் ஒதுக்கிக்கொள்வார்கள், கடிக்கமாட்டார்கள். அது கரைவதற்குள், ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் கூண்டு மேலே வந்துவிடும் என்று நம்பிக்கை. மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு பேசாதிருப்பவரை "வாயில பெப்பரமுட்டு வச்சிக்கினு கீறாரு" என்பது இதிலிருந்து வந்ததுதான்.

அந்தப் பிற்பகல் ஷாஃப்ட் வாசலில் ஆள் எண்ணும் வேலை எனக்கு. என் அண்ணனையும் சேர்த்து முப்பத்தாறு பேர் இறங்கியிருந்தார்கள். வெடிப்புக்குப்பின் கேஜ் நான்கு முறை ஏறி வந்தது. எல்லோரும் ஒரே தூசி நிறம். கனவில் நடப்பவர்கள்போல் மெல்ல வெளிவந்து கூட்டத்தில் கலந்தார்கள். முப்பத்தாறு. "எல்லாரும் வந்துட்டாங்க அண்ணி!" என்று கத்தினேன். அவர் வாயிலிருந்ததைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "எங்க தம்பி எண்ணிட்டா எமனே மறுக்கா எண்ண வேணாம்!" என்று பீற்றிக்கொண்டே, முந்தானை முடிச்சிலிருந்த மிச்ச மிட்டாய்களை மற்ற பெண்களுக்குக் கொடுத்தார். முந்தைய ஷிஃப்டில் கீழேயே தங்கிவிட்ட ஒருவரும் அந்த முப்பத்தாறில் சேர்ந்திருந்தார். நான் தலைகளை எண்ணினேன், முகங்களைப் பார்க்கவில்லை. ஐந்தாம் முறை வந்த கேஜில் அண்ணனைப் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள்.

நாற்பத்தொரு ஆண்டுகள். அண்ணி அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்குச் சோறு போடும்போதும், என் பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சும்போதும், அவர் நாவடியில் ஒரு பெப்பரமுட்டு கரையாமல் கிடக்கிறது என்றே நினைத்துக்கொள்வேன். கேட்க வாயெடுத்து ஒன்பது முறை விழுங்கியிருக்கிறேன். போன ஞாயிறு பங்காருபேட்டையில் ரயிலேறி, கோரமண்டலில் இறங்கி, அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேவிட்டேன். "அன்னிக்கு நான் தப்பா எண்ணிட்டேன் அண்ணி. என்மேல கோபமா?"

பூண்டு உரித்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "இன்னா தம்பி, இன்னும் அதையே எண்ணிக்கினு கீறியா? மொத நாலு வருசம் உம்மூஞ்சியப் பாத்தாலே பத்திக்கினு வரும். அப்புறம்தான் யோசிச்சேன். நீ ஒழுங்கா எண்ணியிருந்தா எனக்கு அவரு அப்பவே போயிருப்பாரு. தப்பா எண்ணுனியே, அதுல எனக்கு இன்னும் அரை மணி நேரம் உசிரோட இருந்தாரு. வீட்டுக்குப் போயி கருவாட்டுக் கொழம்பு வெக்கணும்னு நெனச்சிக்கினு நின்னேன், தெரியுமா?"

அரை மணி அல்ல, இருபத்திரண்டு நிமிடம். நான் திருத்தவில்லை.