அவள் சிரித்த அச்சு

மாத்தளையில் பல் டொக்டர்களுக்குப் பல் செய்துகொடுப்பது என் வேலை. ஊர்க்காரர்களின் வாயெல்லாம் பிளாஸ்டர் மாடலாக என் மேசைக்கு வரும். வேலை முடிந்ததும் வைத்திருக்க மாட்டேன், இடத்தை அடைக்கும். என் மனைவியின் மாடல்கள் மட்டும் இரண்டு இருக்கின்றன. ஒன்று சரியானது, ஒன்று பிழையானது.

அவள் கட்டாருக்கு வீட்டு வேலைக்குப் போவதற்கு முந்திய வருடம், பலாபத்வலையில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து முன்பல் இரண்டைப் போக்கிக்கொண்டாள். எனக்கு வேலை தரும் டொக்டரம்மாவே இரண்டு இம்ப்ளாண்ட் ஆணிகளைத் தாடையில் வைத்தார். ஆணி எலும்போடு சேர்ந்த பிறகு அச்சு எடுக்க வேண்டும். சொந்தப் பல் என்றால் கொஞ்சம் அசைந்து கொடுக்கும், ஆணி கொடுக்காது. அச்சு மயிரிழை பிசகினாலும் பல் உட்காராது. அதனால் நானும் பக்கத்தில் போய் நின்றேன்.

தட்டில் நிரப்பி வைத்த அச்சுப் பசை வாய்க்குள் இறுகும் வரை ஆடாமல் இருக்க வேண்டும். அவளோ என்னைப் பார்த்தாள். என் மீசையில் பிளாஸ்டர் அப்பியிருந்ததாம், முகத்தை வேறு இழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி வைத்துக்கொண்டிருந்தேனாம். குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டாள். பார்வைக்கு அச்சு நன்றாகத்தான் இருந்தது. அதை வைத்து இரண்டு பல்லுக்குமான உலோகச் சட்டத்தைச் செய்துகொண்டு போனால், ஒரு பக்க ஸ்குரூவை முடுக்கியதும் மறுபக்கம் எழும்பியது. சிரிப்பு மட்டுமே காரணமில்லை. ஆணிகள் சாய்ந்திருந்தன, நாங்கள் அச்செடுத்த முறையும் அதற்குத் தோதானதல்ல. ஆனால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அங்கே இருந்த எல்லார் முன்னாலும் அவளைப் பார்த்துக் கத்தினேன்.

இரண்டாம் முறை டொக்டரம்மா மேலே துளையிட்ட அச்சுத் தட்டை எடுத்தார். ஆணிகள் நிற்கும் இடத்தை அச்சில் பதிய அவற்றின் மேல் பூட்டிய குச்சிகள் இரண்டையும் சிவப்புப் பிசினால் ஒன்றாகக் கட்டி, ஸ்குரூக்களைக் கழற்றி, குச்சிகள் பசைக்குள்ளேயே இருக்கும்படி அச்சை வெளியே எடுத்தார். அவள் கூரையைப் பார்த்தபடி சிலை மாதிரிக் கிடந்தாள். அந்த அச்சு பிசகவில்லை, பல்லும் உட்கார்ந்தது. அடுத்த மாதம் விமானம் ஏறிவிட்டாள்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் போய்விட்டது. இந்தப் பொங்கலுக்கு வீடியோவில் வாயைச் சால்வையால் மூடிக்கொண்டே பேசினாள். நான் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான் சொன்னாள், நான் செய்த பல்லில் ஒன்று உடைந்துவிட்டது என்று. அங்கே புதிதாக அச்சு எடுப்பதென்றால் நாலைந்து தடவை போக வேண்டும். அவள் வேலை செய்யும் வீட்டு அம்மா விடுவதாகச் சொன்னது ஒரே ஒரு பின்னேரம். இரண்டு பல்லும் ஒரே சட்டம் என்பதால் இரண்டையும் சேர்த்தே புதிதாகச் செய்ய, சரியான மாடலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று வருடமாய்ப் பக்கத்தில் பார்க்காத வாயை ஒரு வாரம் கையிலேயே வைத்திருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, வேலையை வேண்டுமென்றே இழுத்தேன். யட்டவத்தையிலிருந்து கட்டாருக்குத் திரும்பிப் போகிற ஒருவரிடம் பல்லைக் கொடுத்தனுப்பினேன். அது உட்காராவிட்டால் ஒப்பந்தம் முடியும்வரை அவள் சால்வையோடுதான் பேச வேண்டும்.

அந்தப் பின்னேரம் அழைத்தாள். சால்வை இல்லை. எங்கேயும் தேய்க்காமலே உட்கார்ந்துவிட்டதாம், அங்குள்ள டொக்டர் யார் செய்தது என்று கேட்டாராம். எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கே, சிரித்துக் காட்டு என்றேன். உதட்டை விரித்துக் காட்டினாள். பல் தெரிந்தது, அவ்வளவுதான்.

“பல்லு சரியாத்தாங்க இருக்கு. கூடச் சிரிக்கத்தான் இங்க ஆளில்ல,” என்றாள்.

பிறகு, அந்தப் பழைய பிழையான மாடலைத் தூக்கிப் போட்டாச்சா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். ஏன் வைத்திருக்கிறேன் என்று அவள் கேட்கவில்லை.

ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. அனுப்புவதற்கு முன் புதுப் பல்லை அந்தப் பிழையான மாடலிலும் வைத்துப் பார்த்திருந்தேன். ஒரு பக்கம் மயிரிழை அளவு எழும்பி நின்றது. பழி முழுவதையும் அவள் சிரிப்பின் மேல் போட்டாலும் அந்த மயிரிழை அளவுதான். அதற்குத்தான் அன்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன்.