நான் முடித்துவைத்த கவிதை

நான்கு வருடங்களுக்கு முன்பு மயிலாப்பூரில், மாட வீதிக்குப் பின்னால் ஒரு சின்ன அச்சகத்தில் டி.டி.பி. வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு முப்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் அம்மாவும் நானும்தான். அந்தச் சமயத்தில் திருச்சியிலிருந்து ஒரு வரன் வந்தது. மனைவியை இழந்தவர், எட்டு வயதில் ஒரு மகள். ஒருமுறை வந்து பேசிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்லி அவருடைய அக்கா கேட்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றுதான் என் மனம் சொல்லிக்கொண்டிருந்தது.

அதே வாரம் சாந்தோம் பக்கத்து சர்ச் ஒன்றின் திருவிழா மலர் வேலைக்கு வந்தது. அதில் கையால் எழுதிய ஒரு கவிதை. தி.நகர் கடையில் இரண்டு புடவைகளுக்கு நடுவே ஒரு பெண் நெடுநேரம் தடுமாறுகிறாள். கடைசியில் நீலத்தை எடுத்துக்கொண்டு பச்சையை விட்டுவிடுகிறாள். பல வருடங்கள் கழித்து பஸ்ஸில் யாரோ ஒருத்தி அதே பச்சைப் புடவையில் ஏறுகிறாள். அதற்குக் கீழே இரண்டு முடிவுகள் இருந்தன. ஒன்று, ‘அவளுக்கு அது அழகாகத்தான் இருந்தது.’ இன்னொன்று, ‘நல்லவேளை, நான் எடுக்கவில்லை.’ இரண்டின் மேலும் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது.

எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. இதில் எது? அந்தப் பெண் வருத்தப்பட்டாளா, நிம்மதியானாளா? ஓரத்தில் எழுதியிருந்த நம்பருக்கு மூன்று தடவை அடித்தேன், எடுக்கவில்லை. எழுதியது யாரோ ஒரு டீச்சராக இருக்கும், குழப்பத்தில் இரண்டையும் அடித்துவிட்டிருப்பார் என்று நானே நினைத்துக்கொண்டேன். அன்றே அச்சுக்குப் போயாக வேண்டும். ‘நல்லவேளை, நான் எடுக்கவில்லை’ என்பதையே வைத்து முடித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம், சர்ச்சுக்கு அனுப்பியிருந்த மலரில் ஒன்றைக் கையில் பிடித்தபடி ஒரு பெண் அச்சகத்துக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். பட்டினப்பாக்கத்தில் மீன் கடை போட்டிருக்கிறாராம். வியாபார நேரத்தில் மீன் கையோடு போனை எடுப்பதில்லை என்றார். பிறகு பக்கத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார். குரலில் கோபம் இல்லை.

“இன்னாமா இது? நான் வேணாம்னு அடிச்சது எப்டி உள்ள வந்துச்சு?”

முடிவே இல்லாமல் இருந்ததே, அதனால்தான் அக்கா, என்று இழுத்தேன்.

“அந்தப் பொடவைய எடுத்திருந்தா நல்லா இருந்திருக்குமா இல்லியான்னு எனக்கு இன்னா தெரியும்? தெரியாதத எப்டி எழுதறது? அதான் ரெண்டையும் அடிச்சேன்.”

முதலாளியிடம் நடந்ததைச் சொல்லி, என் தவறுதான் என்று ஒப்புக்கொண்டேன். மலர் ஞாயிறு பூசைக்குப் பிறகுதான் விநியோகம் என்பதால் இருநூறு பிரதிகளையும் திரும்ப வாங்கிவந்தோம். அந்த ஒரு தாளை மட்டும், கடைசி வரி இல்லாமல், புதிதாக அடித்தேன். பின்னைக் கழற்றி, பழைய தாளை உருவி, புதியதைச் செருகி மறுபடி பின் அடிக்க வேண்டும். அந்த அக்காவும் போகாமல் என்னோடு உட்கார்ந்துவிட்டார். என்னைவிட வேகமாகப் பின் கழற்றினார்.

வேலைக்கு நடுவே கேட்காமல் இருக்க முடியவில்லை. பச்சைப் புடவை என்றால் என்ன என்று கேட்டேன். பன்னிரண்டாவது முடித்ததும் வேலூரில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்ததாம். அதே மாதம் வீட்டில் மாப்பிள்ளை பார்த்தார்களாம், சொந்தப் படகு வைத்திருந்தவர். யாரும் வற்புறுத்தவில்லை, நானேதான் கல்யாணத்துக்குச் சரி சொன்னேன் என்றார். புருஷன் நல்ல மனுஷன் என்றும் சொன்னார். ஆனாலும் ஆஸ்பத்திரியில் வெள்ளை உடுப்பில் யாரையாவது பார்த்தால் ஒரு நிமிடம் நின்றுவிடுவாராம். அது வருத்தமா என்று கேட்டால் அதற்கும் பதில் தெரியாது என்றார்.

நானும் திருச்சி விஷயத்தைச் சொன்னேன். எப்படிச் சொல்ல ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. முதலிலேயே வேண்டாம் என்று முடிவு கட்டிவிட்டு, அதற்கு ஒத்துப்போகிற வரியைத்தான் அவருடைய கவிதையில் எடுத்து வைத்திருக்கிறேன் என்பது சொல்லும்போதுதான் எனக்கே புரிந்தது. இப்போது நான் என்ன பதில் சொல்லட்டும் என்று கேட்டேன்.

அவர் கையிலிருந்த தாளைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “நீ எனக்குப் பண்ணத, நான் உனக்குப் பண்ணணுங்கிறியா?”

அவ்வளவுதான். மறுபடி தாளை எடுத்து வேலையைத் தொடர்ந்தார். சாயங்காலம் கடைசிப் பிரதியையும் அடுக்கிவைத்துவிட்டு பஸ் ஏறப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்கு இன்னும் தெரியவில்லை, கொஞ்சம் பேசிப் பார்க்கலாமா என்று திருச்சிக்காரரிடமே போனில் கேட்டேன். தனக்கும் அதே நிலைமைதான் என்றார் அவர். அதைக் கேட்டதும்தான் முதன்முறையாக அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. ஐந்தாறு மாதம் பேசினோம். பிறகு கல்யாணம் செய்துகொண்டோம். அம்மாவும் இப்போது எங்களோடு திருச்சியில்தான். மகள் பல நாள் என்னோடு பேசாமல் இருந்தாள், இப்போது சண்டை போடும் அளவுக்கு வந்திருக்கிறாள். எடுத்தது சரியான முடிவா என்று யாராவது கேட்டால், நன்றாகத்தான் போகிறது என்பேன், அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

இன்றும் யாராவது தங்கள் குழப்பத்தை என்னிடம் கொண்டுவந்தால் பதில் சொல்ல நாக்கு துடிக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த அவசரம் அவர்களுடையதா, என்னுடையதா என்று ஒரு கணம் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.